யானை கட்டித் தீனி போட்ட கிளப்

கேள்வி இதுதான்: ஸ்காட்லாந்தின் குயின்ஸ் பார்க் கால்பந்து கிளப் 150 வருடத்துக்கு மேல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமே கொடுக்காமல் தொழில்முறை லீக்கில் ஆடியது என்கிறார்களே, அது எப்படி முடிந்தது? அவ்வளவு பிடிவாதமாக இருந்தவர்கள் 2019ல் ஏன் மனம் மாறினார்கள்?

முதலில் ஒரு சின்னத் திருத்தம். கிளப் அமெச்சூராக இருந்தது 152 வருடம், 1867 முதல் 2019 வரை. ஆனால் ஸ்காட்டிஷ் லீக்கில் சேர்ந்தது 1900ல்தான். சம்பளம் வாங்குகிறவர்களோடு சம்பளம் வாங்காதவர்கள் மோதியது சுமார் 120 வருடம். அதுவே பெரிய ஆச்சரியம்தான்.

இந்தக் கிளப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் லத்தீன் வாசகத்தில்தான் தொடங்குவார்கள். ‘லூதரே காவ்சா லூதெந்தி’, அதாவது விளையாட்டுக்காகவே விளையாடுவது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் லட்சியம் மட்டும் 152 வருடம் ஒரு கிளப்பைத் தாங்காது என்பது என் கருத்து. இவர்களைத் தாங்கியது ஹேம்ப்டன் பார்க் என்ற மைதானம். கடைசியில் கழுத்தை நெரித்ததும் அதே மைதானம்தான். கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

1867 ஜூலை 9 அன்று கிளாஸ்கோவின் தென்பகுதியில், விக்டோரியா ரோட்டில் இருந்த எக்லிண்டன் டெரஸ் 3ஆம் எண் வீட்டில் சில இளைஞர்கள் கூடினார்கள். பக்கத்துப் பூங்காவில் பந்து உதைத்துக்கொண்டிருந்தவர்கள். கிளப்புக்கு என்ன பெயர் வைப்பது என்று நெடுநேரம் பேச்சு. செல்ட்ஸ், நார்தர்ன், மோரேஷயர் என்றெல்லாம் யோசனை வந்து, கடைசியில் வாக்கெடுப்பில் பூங்காவின் பெயரே ஜெயித்தது. அந்த ராணி விக்டோரியா என்றுதான் பலர் நினைப்பார்கள். இல்லை, ஸ்காட்லாந்து ராணி மேரி. அவருடைய படை 1568ல் தோற்றுப்போன லாங்சைடு போர்க்களம் அந்தப் பூங்காவை ஒட்டித்தான் இருக்கிறது.

கிளப் ஆரம்பித்தாயிற்று, ஆட எதிரணி இல்லை. வேறு கிளப்போடு முதல் மேட்ச் ஆடவே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. 1868 ஆகஸ்டில் திஸில் என்ற அணியோடு, பக்கத்துக்கு 20 பேராக ஆடி, 2-0 என்று ஜெயித்தார்கள். அதுவரையிலும் அதற்குப் பிறகும் தங்களுக்குள்ளேயே அணி பிரித்துத்தான் ஆடினார்கள். புகை பிடிக்கிறவர்கள் ஒரு பக்கம், பிடிக்காதவர்கள் மறுபக்கம் என்றெல்லாம் கூடப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சிரிப்பாக இருந்தாலும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கூட்டம் வாரா வாரம் தங்களுக்குள் ஆடினால் யார் எங்கே ஓடுவார், யாருக்கு எந்தக் கால் என்பது அத்துப்படியாகிவிடும். இவர்களுடைய பாஸ் ஆட்டம் இங்கேதான் முளைத்தது என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்து இங்கிலாந்து ஆட்டம் வேறு மாதிரி. பந்து கிடைத்தவர் தலையைக் குனிந்துகொண்டு முடிந்தவரை முட்டி மோதி முன்னே போவார். மற்றவர்கள் பின்னாலேயே ஓடுவார்கள், அவர் பந்தை இழந்தால் பொறுக்கிக்கொள்ள. பந்தைச் சக ஆட்டக்காரருக்குத் தட்டிவிடுவது ஏதோ கையாலாகாத்தனம் போலப் பார்க்கப்பட்டது. குயின்ஸ் பார்க் ஆட்கள் உடம்பில் சிறியவர்கள். முட்டி மோதினால் நசுங்கிப்போவார்கள். அதனால் தட்டிவிட்டு, இடம் மாறி, திரும்ப வாங்கினார்கள். பாஸ் ஆட்டத்தைக் கண்டுபிடித்ததே நாங்கள்தான் என்று கிளாஸ்கோக்காரர்கள் சொன்னால் ஷெஃபீல்டுக்காரர்களும் ராயல் இன்ஜினியர்ஸ் படை அணியும் பங்கு கேட்பார்கள். நியாயமான சண்டைதான். ஆனால் அதை ஒரு முறையாக்கி, ஊர் ஊராகப் போய் ஆடிக்காட்டிப் பரப்பியது குயின்ஸ் பார்க் என்பதில் பெரிய சந்தேகம் இல்லை.

1871-72ல் நடந்த முதல் எஃப்.ஏ. கப்பில், அதாவது இங்கிலாந்துக் கால்பந்து சங்கத்தின் கோப்பைப் போட்டியில், இவர்களும் சேர்ந்தார்கள். கோப்பை வாங்க ஆன செலவு 20 பவுண்டு. அதில் ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், இவர்கள் பங்கு. வருட வருமானம் 6 பவுண்டு சொச்சம் இருந்த கிளப் தூக்கிக் கொடுத்த தொகை அது. தூரம் கருதி பை (ஆடாமலே அடுத்த சுற்று), எதிரணி விலகல், மறுபடியும் பை என்று ஒரு மேட்ச்கூட ஆடாமலேயே செமிஃபைனலுக்கு வந்துவிட்டார்கள்! லண்டன் போகும் ரயில் செலவுக்கு வசூல் செய்தார்கள். கென்னிங்டன் ஓவலில் வாண்டரர்ஸோடு 0-0. மறு ஆட்டத்துக்கு லண்டனில் தங்கவோ, திரும்பி வரவோ காசில்லை. விலகிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார்கள். வாண்டரர்ஸ் ஃபைனலில் ஜெயித்து முதல் கோப்பையை எடுத்துக்கொண்டது.

அதே வருடம் நவம்பர் 30. உலகத்தின் முதல் அதிகாரபூர்வ சர்வதேசக் கால்பந்து மேட்ச், ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும். ஸ்காட்லாந்துக்கு அப்போது கால்பந்து சங்கமே கிடையாது. எனவே மேட்சை நடத்தியது குயின்ஸ் பார்க். ஆடிய 11 பேரும் குயின்ஸ் பார்க். ஸ்காட்லாந்து போட்ட கருநீலச் சட்டைகூட அன்றைக்கு இவர்களுடைய கிளப் சட்டைதான். ஸ்காட்லாந்து அணி இன்றும் கருநீலத்தில் ஆடுவது அங்கிருந்து வந்தது. கிளாஸ்கோவின் பார்ட்டிக் பகுதியில் ஒரு கிரிக்கெட் மைதானத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். மூன்று நாள் மழையில் தரை ஊறிக் கிடந்தது. அனுமதி ஒரு ஷில்லிங், வந்தவர்கள் சுமார் 4,000 பேர். கோல் கம்பத்தில் குறுக்குக் கட்டை இல்லை, ஒரு நாடாவை இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஸ்காட்லாந்து அடித்த ஒரு பந்து அந்த நாடாவின் மேலேயே போய் விழுந்தது. கொஞ்சம் கீழே வந்திருந்தால் சரித்திரத்தின் முதல் கோல். இங்கிலாந்து எட்டு ஃபார்வர்டுகளோடு இறங்கியது, ஸ்காட்லாந்து ஆறு. தலைமை தாங்கியவர் ராபர்ட் கார்ட்னர், அவரே கோல் கீப்பரும். முடிவு 0-0. கோலே இல்லாத மேட்ச்தான், ஆனால் உடல்பருமனில் பெரிய அணியைச் சின்ன அணி தட்டித் தட்டியே கட்டிப்போட்டதைப் பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருக்கவில்லை. அடுத்த சில மாதங்களில் ஸ்காட்லாந்தில் புதுக் கிளப்புகள் முளைத்தன. 1873 மார்ச்சில் ஸ்காட்டிஷ் கால்பந்து சங்கம் உருவானது.

அந்த வருடம்தான் சட்டை கருப்பு வெள்ளைப் பட்டைகளுக்கு மாறியது. குறுகலான குறுக்குப் பட்டைகள். ‘ஸ்பைடர்ஸ்’ என்ற செல்லப்பெயர் அதிலிருந்து ஒட்டிக்கொண்டது. முதல் ஸ்காட்டிஷ் கப், 1874, இவர்களுக்கே. அடுத்த இரண்டும் இவர்களுக்கே. ஸ்காட்லாந்து மண்ணில் இன்னொரு ஸ்காட்டிஷ் கிளப் இவர்களை முதன்முதலாகத் தோற்கடித்தது 1876 டிசம்பர் 30 அன்றுதான், வேல் ஆஃப் லீவன், 2-1. மொத்தம் 10 ஸ்காட்டிஷ் கப். ரேஞ்சர்ஸும் செல்டிக்கும் தவிர வேறெந்தக் கிளப்பும் இன்றுவரை அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை.

இந்தக் காலத்து ஆட்டக்காரர்களில் ஒருவரைச் சொல்லாமல் தாண்ட மனமில்லை. ஆண்ட்ரூ வாட்சன். பிரிட்டிஷ் கயானாவின் டெமராராவில் பிறந்தவர், வெள்ளைத் தோட்ட முதலாளிக்கும் கறுப்பினப் பெண்ணுக்கும் மகன். தடுப்பாட்டக்காரர், ஒரு கட்டத்தில் கிளப்பின் செயலாளரும் அவரே. 1881 மார்ச் 12 அன்று லண்டனில் ஸ்காட்லாந்துக்காக முதல் மேட்ச் ஆடினார், அதுவும் கேப்டனாக. இங்கிலாந்து 1, ஸ்காட்லாந்து 6. கால்பந்தின் முதல் கறுப்பினச் சர்வதேச ஆட்டக்காரர் அவர். நூறு வருடத்துக்கு மேல் அதை எல்லோரும் மறந்திருந்தார்கள் என்பதுதான் கொடுமை.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம்.

இங்கிலாந்தின் வடக்கே ஆலை நகரங்களில் கிளப்புகள் ஸ்காட்லாந்து ஆட்களைக் கொத்திக்கொண்டு போக ஆரம்பித்தன. பெயருக்கு ஒரு வேலை, கைக்குள் ஒரு கவர். ‘ஸ்காட்ச் புரொபசர்ஸ்’ என்றே அவர்களுக்குப் பட்டம், பாஸ் ஆட்டம் சொல்லிக்கொடுக்க வந்த வாத்தியார்கள் என்ற அர்த்தத்தில். குயின்ஸ் பார்க் 1884லும் 1885லும் எஃப்.ஏ. கப் ஃபைனலுக்குப் போய் இரண்டு தடவையும் பிளாக்பர்ன் ரோவர்ஸிடம் தோற்றது. அந்த பிளாக்பர்ன் அணியிலேயே ஸ்காட்லாந்துக்காரர்கள் இருந்தார்கள். இவர்கள் சொல்லிக்கொடுத்த வித்தை காசு வாங்கிக்கொண்டு இவர்களையே திருப்பி அடித்தது. 1885ல் இங்கிலாந்து சம்பளத்தைச் சட்டமாக்கியது. ஸ்காட்லாந்து 1893 வரை தாக்குப்பிடித்தது. அந்த வருடம் மார்ச்சில் குயின்ஸ் பார்க் செல்டிக்கை வென்று பத்தாவது கப் எடுத்தது. இரண்டே மாதத்தில் சம்பளம் சட்டமானது. பதினோராவது கப் இன்னும் வரவில்லை.

1890ல் லீக் ஆரம்பித்தபோதே இவர்களை அழைத்தார்கள். வாராவாரம் கட்டாய மேட்ச் என்றால் சம்பளத்தில்தான் போய் முடியும் என்று மறுத்துவிட்டார்கள். கணிப்பு துல்லியம். ஆனால் பத்து வருடம் வெளியே நின்றதில் நல்ல எதிரணியே கிடைக்காமல் போய், 1900ல் சேர்ந்தார்கள். அப்போது கீழ்ப் பிரிவுக்குத் தானாகத் தரமிறங்கும் விதி இல்லை, கடைசி இடத்தில் முடித்தாலும் மற்ற கிளப்புகள் வாக்களித்துத் தக்கவைத்துக்கொள்ளும். குயின்ஸ் பார்க் அப்படிப் பலமுறை தப்பியது. 1922ல் தானாக இறங்கும் விதி வந்தது. வந்த வருடமே இறங்கினார்கள்!

மற்ற கிளப்புகளுக்கு இவர்கள் மேல் ஏன் அந்தக் கரிசனம்? பாரம்பரியம் ஒரு காரணம். ஹேம்ப்டன் இன்னொரு காரணம்.

ஹேம்ப்டன் என்பது ஒன்றல்ல, மூன்று. முதலாவது 1873ல் திறந்தது. எதிரே இருந்த வீட்டு வரிசையின் பெயர் ஹேம்ப்டன் டெரஸ். ஜான் ஹேம்ப்டன் என்ற இங்கிலாந்து நாடாளுமன்றவாதியின் பெயரை அந்தத் தெருவுக்கு வைத்திருந்தார்கள். ஸ்காட்லாந்தின் தேசிய மைதானத்துக்கு ஓர் ஆங்கிலேயரின் பெயர் வந்த கதை அவ்வளவுதான். பத்து வருடத்தில் ரயில் பாதை வந்து அந்த இடத்தைத் தின்றது. இரண்டாவதில் 1903 வரை இருந்தார்கள். மூன்றாவதுதான் இன்றைய ஹேம்ப்டன், 1903 அக்டோபர் 31 அன்று செல்டிக்கை 1-0 என்று வென்று திறந்தார்கள். 1950ல் ரியோவில் மரக்கானா வரும்வரை உலகத்திலேயே பெரிய கால்பந்து மைதானம் இதுதான். 1937ல் இங்கிலாந்து மேட்சுக்கு 1,49,415 பேர். அடுத்த வாரமே ஸ்காட்டிஷ் கப் ஃபைனலுக்கு 1,47,365 பேர். 1960ல் ரியல் மாட்ரிட் ஏழு கோல் போட்டு ஃபிராங்க்ஃபர்ட்டை வீழ்த்திய ஐரோப்பியக் கோப்பை ஃபைனலும் இங்கேதான்.

இத்தனைக்கும் இது அரசு சொத்தோ சங்கத்தின் சொத்தோ இல்லை. மைதானத்தின் சொந்தக்காரர் குயின்ஸ் பார்க். சம்பளம் கொடுக்காத, பெரும்பாலும் அடிமட்டப் பிரிவில் ஆடுகிற ஒரு கிளப். தேசிய அணி ஆடினாலும், கப் ஃபைனல் நடந்தாலும் கலெக்‌ஷனில் இவர்களுக்கு ஒரு பங்கு. சம்பளச் செலவு பூஜ்யம், வாடகை வரவு மட்டும் கணிசம். ‘விளையாட்டுக்காகவே விளையாடுவது’ என்ற வாசகத்துக்குப் பின்னால் இருந்த பொருளாதாரம் இது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. நிலபுலன் உள்ள கோயிலில்தான் ஆறுகால பூஜை தவறாமல் நடக்கும்.

அமெச்சூர் என்றால் நடைமுறையில் என்ன என்று கேட்டால்: பகலில் வேலை அல்லது படிப்பு, மாலையில் பயிற்சி, சனிக்கிழமை மேட்ச். பயணச் செலவு கிடைக்கும், வேறெதுவும் கிடையாது. ஒப்பந்தத்தால் கட்டிப்போட முடியாது என்பதால் சீசன் முடிந்தால் ஆள் யாரோடும் போகலாம், கிளப்புக்கு ஒரு காசு வராது. போனவர்கள் பட்டியல் நீளம். ராபர்ட் ஸ்மித் மெக்கால் 1900ல் இங்கிலாந்துக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தவர். மறுவருடம் நியூகாசிலுக்குப் போய்ச் சம்பளம் வாங்கினார், பிறகு ரேஞ்சர்ஸ். சகோதரரோடு சேர்ந்து மிட்டாய்க் கடை போட்டு, அது ஊரெல்லாம் கிளை பரப்பியது. ‘டாஃபி பாப்’ என்று பெயரே வந்துவிட்டது. சம்பளம் வாங்கியவர் அமெச்சூராகத் திரும்பக் கூடாது என்று இருந்ததைத் தளர்த்தி 1907ல் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். கடைசி மேட்சில் ஆறு கோல் அடித்துவிட்டு ஓய்வு பெற்றார். ரோனி சிம்ப்சன் 14 வயதில் இவர்களுக்குக் கோல் காத்தவர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்கு ஆடினார், 1967ல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற செல்டிக் அணியின் கீப்பர். கோவன் பகுதிக் கப்பல் பட்டறைத் தொழிலாளி மகன் ஒருவர், கருவிகள் செய்யும் தொழில் கற்றுக்கொண்டே 1958ல் ஸ்ட்ரான்ரேர் அணிக்கு எதிராக இவர்களுக்காக முதல் மேட்ச் ஆடி ஒரு கோலும் அடித்தார். பின்னாளில் மான்செஸ்டர் யுனைட்டெட் மேனேஜரான அலெக்ஸ் ஃபெர்குசன்.

ஆனால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர் ஆண்டி ராபர்ட்சனாக இருக்கும். சிறுவனாக இருந்தபோது உடம்பு போதாது என்று செல்டிக் கழித்துவிட்டது. 2012-13ல் குயின்ஸ் பார்க்குக்கு ஆடினார், லீக்கின் கடைசிப் பிரிவில். செலவுக்கு வேண்டுமே, அதே ஹேம்ப்டனில் போன் எடுத்து டிக்கெட் பதிவு செய்யும் வேலை. கையில் காசில்லாமல் இந்த வயதில் வாழ்க்கை மோசம், ஒரு வேலை வேண்டும் என்று அவர் ட்விட்டரில் போட்ட வரி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு சீசன் முடிந்து டண்டி யுனைட்டெட், அடுத்து ஹல், 2017ல் லிவர்பூல், 2018ல் ஸ்காட்லாந்து கேப்டன், 2019ல் சாம்பியன்ஸ் லீக். எந்த மைதானத்தில் போன் எடுத்தாரோ அங்கேயே நாட்டுக்குத் தலைமை.

ஊருக்கே பெருமை, ஆனால் அவரை வளர்த்த கிளப் அதை வைத்து ஒன்றும் சம்பாதிக்க முடியவில்லை. 2019 முடிவுக்கு அவர்கள் சொன்ன காரணமே இதுதான்: பிள்ளைகளை நாங்கள் வளர்க்கிறோம், வேறு கிளப் சும்மா தூக்கிக்கொண்டு போகிறது.

இது உண்மை, ஆனால் முழு உண்மை இல்லை. பிள்ளைகள் நூறு வருடமாகப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள், அப்போது யாரும் வாசகத்தை மாற்றவில்லையே? மாறியது யானையின் கணக்கு. யானை என்று நான் சொல்வது ஹேம்ப்டனை. லட்சம் பேர் நின்று பார்த்த மைதானத்தைப் பாதுகாப்பு விதிகளுக்கேற்ப இருக்கை போட்ட மைதானமாக மாற்றக் கோடிக்கணக்கில் செலவு. 1999ல் முடிந்த புதுப்பிப்பு கையை மீறி, அதை நடத்திய கம்பெனி மூழ்கும் நிலைக்குப் போய், 2000ல் கால்பந்து சங்கம் மைதானத்தை 20 வருடக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. யானை இருந்தது குயின்ஸ் பார்க் வாசலில், அங்குசம் சங்கத்தின் கையில். சுமார் 52,000 இருக்கை உள்ள கிண்ணத்தில் 500, 600 பேர் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து நாலாம் பிரிவு மேட்ச் பார்ப்பார்கள். பந்தை உதைக்கும் சத்தம் எதிர் கேலரியில் பட்டுத் திரும்பும் என்பார்கள்.

குத்தகை முடியும் நேரத்தில், ஹேம்ப்டனை விட்டு எடின்பரோவின் ரக்பி மைதானமான மர்ரேஃபீல்டுக்கே போய்விடலாமா என்று சங்கம் யோசித்தது. போயிருந்தால் இவர்கள் கதை முடிந்திருக்கும். தீனி போட வழியே இல்லை. கடைசியில் 2018ல், தொழிலதிபர்கள் கைகொடுக்க, 50 லட்சம் பவுண்டுக்கு மைதானத்தைச் சங்கத்துக்கே விற்க ஒப்புக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த லெஸ்ஸர் ஹேம்ப்டன் என்ற சின்ன மைதானத்தை மட்டும் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். 1923ல் வாங்கிய பண்ணை நிலம் அது. பண்ணை வீடே ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் இடமாக இருந்தது.

இப்போது இரண்டு தேதிகளைப் பக்கத்தில் வையுங்கள். விற்பனை ஒப்புதல் 2018 செப்டம்பர். உறுப்பினர்கள் கூடி அமெச்சூர் நிலையைக் கைவிட வாக்களித்தது 2019 நவம்பர். வாடகை வரும் வழி அடைபட்டு, கையில் மொத்தமாகப் பணம் வந்து 14 மாதத்தில் கொள்கை மாறியது. இதற்கு மேல் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் தேவையில்லை என்று நினைக்கிறேன். துரோகம் என்று திட்டிய பழைய ஆட்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1893லேயே எல்லோரும் விட்டுவிட்ட ஒன்றை 2019 வரை பிடித்துக்கொண்டிருந்தவர்களை என்ன சொல்லித் திட்டுவது?

அப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. 2021ல் நாலாம் பிரிவு சாம்பியன், 2022ல் இரண்டாம் பிரிவுக்கு ஏறினார்கள். 2023 மே மாதம் சீசனின் கடைசி மேட்சில் டண்டியை ஜெயித்திருந்தால் 1958க்குப் பிறகு முதல்முறையாக முதல் பிரிவு. 5-3 என்று தோற்றார்கள். 2025 பிப்ரவரியில் ஐப்ராக்ஸ் மைதானத்திலேயே ரேஞ்சர்ஸை ஸ்காட்டிஷ் கப்பிலிருந்து 1-0 என்று வெளியே தள்ளினார்கள். கடைசி நிமிடத்து பெனால்டியைக் கீப்பர் தடுத்தார். அவரும் சம்பளம் வாங்குகிறவர்தான்.

கிளாஸ்கோ போக வாய்த்தால் மூன்று ஹேம்ப்டனையும் ஒரே மதியத்தில் நடந்தே பார்த்துவிடலாம். இரண்டாவது ஹேம்ப்டனைப் பின்னால் தேர்ட் லனார்க் என்ற கிளப் எடுத்துக்கொண்டது, அந்தக் கிளப் 1967ல் திவாலாகிப் போனது. அந்த இடம் இப்போது கேத்கின் பார்க் என்ற பொதுப் பூங்கா. மக்கள் நின்று பார்த்த படிக்கட்டுகள் மூன்று பக்கமும் அப்படியே இருக்கின்றன, படிகளுக்கு நடுவே மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. முதலாவதின் மேல் ஒரு பௌலிங் கிளப் இருக்கிறது, புல்தரையில் பந்து உருட்டி ஆடுவார்களே, அந்த பௌலிங். 2021ல் அங்கே தோண்டிப் பார்த்து பழைய பெவிலியனின் அஸ்திவாரத்தைக் கண்டெடுத்தார்கள். அந்த பௌலிங் கிளப்பின் சுவரில் பெரிய ஓவியம் ஒன்று உண்டு: 1882ல் அதே தரையில் ஸ்காட்லாந்து 5-1 என்று இங்கிலாந்தை வென்ற மேட்ச்.